காற்று போகும் பக்கம்

ஞாயிறு, பத்து மணி. கறன்ற் இல்லை.
கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குள்
அரைவாசி மாமர நிழலிலும்
அரைவாசி வெய்யிலிலுமாகக் கார்.
புது பில்டர் மடியில்.
சுன்னாகத்தில் வாங்கியது, இரண்டாயிரத்து நானூறு,
அதுவும் நூறு குறைத்து.

ஏசியைப் போட்டால் நனைந்த சாக்கு மணம்.
கச்சேரியடியில் தும்மத் தொடங்கும் மதுரிகா
நாவற்குழிப் பாலத்தில்தான் ஓய்வாள்.
பதினொன்று, சராசரி.
எண்ணுவதும் அவளேதான்.

முதலில் லாச்சியை வெறுமையாக்கினேன்:
இன்சூரன்ஸ் மட்டை, மூடியில்லாத பேனை,
இரண்டு கோயில்களின் திருநீறு
(ஒரு சரை அவிழ்ந்து எல்லாவற்றிலும்),
கராஜ்காரத் தவேந்திரனின் பில்கள்.
பறக்காமல் மேலே ஒரு கல்.

லாச்சியின் இரண்டு கன்னத்தையும் அமத்தவேண்டும்,
பிள்ளைக்கு மருந்து பருக்குவதுபோல.
அமத்தினேன். மாட்டேன் என்றது.
நகம் ஒன்று போனது.
வாயால் ஒரு சொல்லும் போனது.
மதிலுக்கு அந்தப் பக்கம்
எமில்டா ரீச்சரின் விளக்குமாறு
ஒரு கணம் நின்று
பிறகு கூட்டியது.

அதன்பிறகு தானாகவே வாய் பிளந்தது.
உள்ளே ஒரு சின்னக் கதவு, இரண்டு கொளுக்கி.
அதற்குப் பின்னால்
இவ்வளவு நாளும் எங்கள் மூச்சு வந்த வழி.

இழுத்தேன்.
மழையில் கிடந்த கொப்பியைப் போல
மடிப்பு மடிப்பாகக் கறுத்து வந்தது.
மேலே வேப்பம்பூ.
பிறகு கோண்டாவில் செம்மண்,
விரலில் மருதாணியாய் ஒட்டுகிறது.
குப்பை எரித்த சாம்பல்;
யாருடையது என்று தெரியும், சொல்லமாட்டேன்.
ஈசலின் சிறகு இரண்டு.
ஒரு கச்சான் தோல்:
நல்லூர்த் தேரன்று கண்ணாடி முழுக்கப் பூட்டித்தான் ஓடினோம்,
திருவிழா உள்ளே வந்திருக்கிறது.

விளிம்பைத் துடைத்தேன். எழுத்துகள்.
யன்னல் வைத்த சின்னச் சின்ன வீடுகளாய்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள்.
யப்பான்.

கல்லைத் தூக்கிப் பில்களைப் பார்த்தேன்.
போன ஆவணி: ஏசி பில்டர் மாற்றியது, மூவாயிரம்.
அதற்கு முந்தின தை: ஏசி பில்டர் மாற்றியது,
இரண்டாயிரத்து எழுநூறு.
தவேந்திரனுக்கு வடிவான கையெழுத்து.
ஒவ்வொரு றகரமும்
சேற்றில் கொக்குப்போல நிற்கும்.

கோபம் வரவேண்டும். வந்ததுதான்.
ஆனால் அதற்குள்
கடைசி மடிப்பில், எல்லாத் தூசிக்கும் அடியில்
ஒரு இலை.
சின்ன விசிறி, நடுவில் ஒரு பிளவு,
மஞ்சள் என்று இன்னும் சொல்லலாம்.
இந்த ஒழுங்கையில் இல்லாத மரம்.
கச்சேரி வளவிலும் இல்லை, வன்னிக் காட்டிலும் நான் கண்டதில்லை.
எந்தத் தெருவோ,
யாரோ ஒருவர் சிவப்பு விளக்குக்குக் காத்திருந்தபோது
விழுந்திருக்கும்.
கப்பலில் ஏறி, துறைமுகத்தில் வெய்யில் காய்ந்து,
கண்டி வீதி முழுவதும் குலுங்கி வந்து,
இரண்டு முறை மாற்றப்பட்டும்
அசையாமல் இருந்திருக்கிறது.

புதியதின் விளிம்பில் ஒரு அம்புக்குறி,
காற்று போகும் பக்கமாம்.
சோளகம் என்றால்
எந்த யன்னல் அடிக்கும் என்று சொல்லுவேன்.
வாடை என்றால் முழங்கால் சொல்லும்.
காரின் மூக்குக்குள் அடிக்கும் காற்றுக்கு
யாரைக் கேட்க?
தவேந்திரனைக் கேட்கலாம்.
அவனுக்கும் தெரிந்திருக்காது, பாவம்.

அம்பு கீழே பார்க்க வைத்தேன்.
கதவு, கொளுக்கி, லாச்சி.
கன்னங்கள் இம்முறை இணங்கின.

பின்னேரம் சாவகச்சேரிக்குப் போகிறோம்.
கச்சேரியடி: ஒன்று.
அரியாலை: மூன்று.
பாலத்தில் உப்புக் காற்று, வெளியே.
"ஏழு அம்மா" என்றாள்,
கணிதத்துக்கு மாக்ஸ் சொல்கிற குரலில்.

பழையது பின்சீற்றில் இருக்கிறது,
பேப்பரில் சுற்றி, பில் இரண்டையும் குத்தி.
நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் கராஜ்.
என்ன கதைப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை.

இலையை மட்டும்
அதற்குள் வைக்கவில்லை.